ஆடாத கோடு

பிப்ரவரி 6

அண்ணிக்கு,

போன்ல பேசினா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்துறோம். யார் சொன்னதும் யார் காதுலயும் விழல. அதனாலதான் எழுதுறேன். ரத்த மாதிரி எடுக்கிற வேன் திங்களும் வியாழனும் எங்க கிளினிக்லேருந்து உங்க பெரிய ஆஸ்பத்திரிக்கு வருதே, அந்த டிரைவர்கிட்ட கொடுத்தனுப்புறேன். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்துல வச்சுக்குவார். அப்படியாவது இது கொஞ்சம் ஆறி உங்க கைக்கு வரட்டும்.

போன மாசக் கூட்டத்துல டாக்டர்கள் முன்னாடி நான் எழுந்து பேசினது தப்புன்னு அண்ணன் சொன்னார். "அவ உனக்கு அண்ணி மட்டும் இல்ல, மேலதிகாரி"ன்னார். தெரியும். என்னை நர்ஸிங் படிப்புல கொண்டுபோய்ச் சேர்த்ததே நீங்கதான், அதுவும் தெரியும். ஆனா "இனிமே கிளை நர்ஸ்கள் வீடு வீடாப் போக வேண்டாம், மெஷினே பாத்துக்கும்"னு நீங்க சொன்னப்போ வாய் சும்மா இருக்கல. சும்மா இருக்கிற வாயா இருந்தா நீங்க எனக்கு எதுக்குப் பட்டாசுன்னு பேர் வைக்கப் போறீங்க?

சரி, சொன்னபடி செஞ்சாச்சு. முப்பத்திரண்டு வீட்டுக்கும் பெட்டி கொடுத்தாச்சு. எடை மெஷின், பிரஷர் மெஷின், விரல்ல மாட்டுற ஆக்சிஜன் கிளிப், எல்லாக் கணக்கையும் உங்க அறைக்கு அனுப்புற ஒரு குட்டி போன். பச்சை விளக்கு எரிஞ்சா நல்லது. சிவப்பு எரிஞ்சா உங்க ஆளுங்க கூப்பிடுவாங்க.

வெல்டர் வீட்டுல மட்டும் ஒரு மணி நேரம் ஆச்சு. ஞாபகம் இருக்கா, நாப்பது வருஷம் பட்டறை வச்சிருந்தவர், இதயம் பாதி பலத்துலதான் அடிக்குது, கொஞ்சம் அசந்தா காலும் நுரையீரலும் நீர் கோத்துக்கும்னு சொல்வேனே, அவர்தான். எடை மெஷினைக் கவுத்துப் போட்டு அடியில பாத்துட்டு, "ஒட்டு சரியில்ல சிஸ்டர், ஒரு வருஷம் தாங்காது"ன்னார். வீட்டம்மா, "இத்தனை வருஷமா என்னைக் குறை சொன்னார், இனி அதைச் சொல்லட்டும், எனக்கு ஓய்வு"ன்னாங்க. அப்புறம் யார் கனம்னு ரெண்டு பேருக்கும் போட்டி. மாத்தி மாத்தி ஏறினாங்க. வித்தியாசம் அரைக் கிலோகூட இல்ல. ஒரே சிரிப்பு.

நான் ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்சா முதல்ல கண்ணு காலுக்குத்தான் போகும். செருப்பு இறுகுதா? கட்டில்ல ஒரு தலையணையா, மூணா? பேசும்போது நடுவுல மூச்சு வாங்குதா? இதெல்லாம் உங்க போன்ல எந்த பட்டனை அழுத்தினா வரும்னு சொல்லுங்க, அழுத்தச் சொல்றேன்.

இப்படிக்கு,
உங்க வீட்டுக்காரரோட தங்கச்சி


பிப்ரவரி 13

பட்டாசுக்கு,

கடிதம் கிடைத்தது. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தும் ஆறவில்லை.

கூட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஒன்று மட்டும். "அண்ணிக்கு ஒரு சிலை வச்சிடுங்க, அதுவே நோயாளியைப் பாத்துக்கும்" என்றாயே, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உன் அண்ணன், தொட்டி நிரம்பி வழிகிறது என்று வெளியிலிருந்து கத்திக்கொண்டிருந்தார்.

உன் கிளையில் நர்ஸ் நீ ஒருத்தி. ஸ்கூட்டரில் ஒரு நாளைக்கு மூன்று வீடு, மிஞ்சினால் நான்கு. கிளினிக் வேலை போக வாரத்தில் நான்கு நாள்தான் போக முடிகிறது. ஒரு சுற்று முடிய மூன்று வாரம் ஆகிறது. போன வருஷம் தையல்காரம்மாவை நீ பார்த்துவிட்டு வந்த நான்காம் நாள் மூச்சடைத்துப் போய்விட்டார். ஒரு வாரம் நீ சரியாகச் சாப்பிடவில்லை. "நேத்து போயிருந்தா, நேத்து போயிருந்தா" என்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தாய். தினமும் யாராவது பார்க்க வேண்டும் என்று நான் முடிவு செய்தது அந்தக் கூடத்தில்தான். இந்தத் திட்டத்துக்காக அலைந்தது எனக்குச் சிலை வைக்க அல்ல.

எங்கள் அறை பழைய சாமான் அறை. ஜன்னல் இல்லை, பினாயில் வாடை இன்னும் போகவில்லை. ஆறு பெண்கள், நான்கு திரைகள். மற்றக் கிளைகளில் இதை ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. பதினொரு பேரை, மூச்சு முட்டுவதற்கு முன்பே கூப்பிட்டுச் சிகிச்சை கொடுத்திருக்கிறோம். பதினொரு பேர்.

வீட்டுக்குப் போவதை ஏன் நிறுத்தினேன் என்று கேட்கிறாய். நிர்வாகம் இரண்டையும் தராது. நர்ஸ்களின் அந்த நேரத்தைக் கிளினிக்குக்குத் திருப்பித் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்கள். எழுதிக் கொடுத்தது நான்தான்.

இப்படிக்கு,
தலைமைச் செவிலியர்
(உன் அண்ணியும்தான்)


மார்ச் 24

அண்ணிக்கு,

ஒத்துக்கிறேன். எழுதும்போதே கை வலிக்குது, ஆனா ஒத்துக்கிறேன்.

வெல்டருக்கு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறி, சிவப்பு எரிஞ்சு, உங்க பொண்ணு போன் பண்ணி, ஆம்புலன்ஸ் அனுப்பினீங்களே. இன்னும் ஒரு நாள் போயிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னாராம். நான் பழையபடி போய்க்கிட்டிருந்தா அந்த வீட்டு முறை அதுக்கு அடுத்த செவ்வாய்தான் வந்திருக்கும். டைரியைப் புரட்டிப் பாத்தேன். உங்க மெஷின் ஜெயிச்சுது.

ஆனா திரும்பி வந்த மனுஷன் போன மனுஷன் இல்ல. உங்க வார்டுல ஒம்பது நாள் கிடந்தாராம். சிறுநீர் போகக் குழாய், ஊசி. ஊசியைப் பிடுங்கினார்னு ஒரு நாள் கையைக் கட்டிலோட கட்டிப் போட்டாங்களாம். கட்டினவங்களைக் குத்தம் சொல்லல, நானும் கட்டியிருக்கேன். நேத்து மருந்து வாங்க வந்த வீட்டம்மா, "சிஸ்டர், அந்த விளக்கைப் பாத்தாலே எழுந்து போயிடுறார். இனிமே என்னை அங்க அனுப்பினா நீ என் முகத்துல முழிக்காதேங்கறார்"னு சொன்னாங்க.

ஒரே ஒரு தடவை போய்ப் பேசிட்டு வரட்டுமா? அவங்க தெரு வழியாத்தான் நான் வீட்டுக்கே போறேன். ஆனா அனுமதி இல்லாம நோயாளி வீட்டுக்குப் போனா நடவடிக்கைன்னு சுற்றறிக்கை வந்திருக்கு. கீழே உங்க கையெழுத்து இருக்கு. அதான் கேக்குறேன்.

பட்டாசு


ஏப்ரல் 7

பட்டாசுக்கு,

நீ ஒத்துக்கொண்டதை உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம் என்கிறார்.

அனுமதி கொடுக்க முடியவில்லை. உனக்குக் கொடுத்தால் ஏழு கிளையும் கேட்கும். நிர்வாகம் ஏற்கெனவே என் மேல் கண் வைத்திருக்கிறது.

இங்கே நிலைமை சொல்கிறேன். ஒரு நாளைக்கு முந்நூறு சிவப்பு. ஒருவர் சட்டைப்பையில் சாவிக்கொத்தும் ஸ்பேனருமாக ஏறுகிறார். ஒரு வீட்டில் பூனை ஏறியிருக்கிறது. மூன்றரைக் கிலோ என்று வந்ததும் எங்கள் புதுப் பெண் அலறியடித்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டாள். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் முந்நூறு பொய்ச் சிவப்புக்கு நடுவில் ஒரு நிஜச் சிவப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால் மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் எச்சரிக்கை என்றிருந்ததை மூன்று கிலோ என்று மாற்றிவிட்டேன். டாக்டர்களிடம் கேட்டுத்தான்.

உன் வெல்டரைப் பற்றிக் கவலைப்படாதே. ஆஸ்பத்திரியிலிருந்து போனதிலிருந்து அவர் எடை கோடு போட்ட மாதிரி இருக்கிறது. ஆக்சிஜன் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு. புதன்கிழமை வீடியோவில் டாக்டர் பேசினார். தலை வாரி, சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தாராம். "நல்லா இருக்கேன்" என்றாராம். போன வாரம் இயக்குநர்கள் கூட்டத்தில் பெயரை மறைத்து அவருடைய எடை வரைபடத்தைத்தான் திரையில் போட்டுக் காட்டினேன். கை தட்டினார்கள். இன்னும் நான்கு கிளைகளுக்குத் திட்டத்தை அனுமதித்துவிட்டார்கள்.

கொஞ்சம் சந்தோஷப்படேன்.

அண்ணி


மே 19

வெல்டர் செத்துட்டார்.

சனிக்கிழமை காலையில பத்து மணி இருக்கும். கிளினிக்ல டோக்கன் நாப்பது தாண்டியிருந்தது. வீட்டம்மா செருப்புகூட இல்லாம ஓடி வந்து வாசல்ல நின்னாங்க. வரிசையை அப்படியே விட்டுட்டு அவங்களை ஸ்கூட்டர்ல ஏத்திக்கிட்டுப் போனேன். ஆம்புலன்ஸுக்கும் சொன்னேன். எதுவும் மிச்சம் இல்ல, அண்ணி. நாற்காலியில உக்காந்தபடியே போயிருந்தார். முதுகுக்குப் பின்னாடி நாலு தலையணை. படுக்க முடியாம எத்தனை நாளா உக்காந்தே தூங்கியிருக்காரோ. லுங்கியை விலக்கிக் காலைப் பாத்தேன். முழங்காலுக்கு மேல வரைக்கும் வீக்கம். விரலால அழுத்தினேன், குழி விழுந்து அப்படியே நின்னுது. இது ஒரு நாள்ல வர்ற வீக்கம் இல்ல. மூணு வாரமாவது ஆகியிருக்கும்.

அலமாரி மேல உங்க போன் இருந்தது. அன்னிக்குக் காலையிலயும் பச்சை.

இயக்குநர்கள் கை தட்டின படம் அது. இப்போ போட்டுக் காட்டுங்க.

இன்னொண்ணும் எழுதணும். எழுதாம விட்டா தூக்கம் வராது. சுற்றறிக்கைக்குப் பயந்து நான் போகாம இருந்தேன்னு நீங்க நினைப்பீங்க. அப்படி இல்ல. எத்தனை சுற்றறிக்கையை நான் மதிச்சிருக்கேன்? தினமும் சாயங்காலம் அந்த வீட்டு வாசலைத் தாண்டித்தான் வந்தேன். ஒரு தடவை வீட்டம்மா கதவுகிட்ட நின்னு கை காட்டினாங்க. கூப்பிடத்தான் காட்டினாங்களோ என்னமோ. நான் தலையை ஆட்டிட்டு வண்டியை நிறுத்தாம வந்துட்டேன். "மெஷின் பாத்துக்கும்ல, பாக்கட்டும்"னு. உங்க மேல இருந்த கோவத்துல.


மே 26

பட்டாசுக்கு,

உன் கடிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இரண்டாவது முறை படிக்கத் தைரியம் வரவில்லை.

வெல்டரின் தம்பி புகார் கொடுத்திருக்கிறார். விசாரணைக் குழு அமைத்திருக்கிறார்கள். மூன்று பேர். முதல் கேள்வியே, "இரண்டு கிலோவை மூன்று கிலோவாக மாற்றியது யார்?" நான் என்றேன். என் பதவியைத் தற்காலிகமாக எடுத்துவிட்டார்கள். அறைக்குள் போகலாம், எதையும் தொடக் கூடாது.

நீ திட்டியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்று எனக்குப் புரியவில்லை. அவருடைய பதிவை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. மூன்று கிலோவும் ஏறவில்லை, இரண்டு கிலோவும் ஏறவில்லை. கடைசி இரண்டு மாதத்தில் முந்நூறு கிராம்கூட ஏறவில்லை. கால் முழுக்க நீர் கோத்த மனிதருக்கு எடை ஏறாமல் எப்படி இருக்கும்? பழைய அளவையே வைத்திருந்தாலும் விளக்கு பச்சையாகத்தான் இருந்திருக்கும். மெஷின் கெட்டுப் போயிருக்குமோ?

பெட்டியை நீ போய் எடுத்து வா. தெரிந்த எடையை வைத்துப் பார். வீட்டம்மாவிடம் மெதுவாகக் கேள். உத்தரவாகச் சொல்லவில்லை. அந்த அதிகாரம் இப்போது எனக்கு இல்லை.

அண்ணி


ஜூன் 2

அண்ணிக்கு,

இதைப் படிச்சிட்டுக் கிழிச்சிடுங்க.

மெஷின் சரியாத்தான் இருக்கு. நானே ஏறிப் பாத்தேன், கிளினிக் மெஷினோட ஒத்துப் போகுது. பெட்டியை மூடிக்கிட்டே, "தினமும் அவரால இதுல ஏற முடிஞ்சுதா?"ன்னு சும்மாதான் கேட்டேன். வீட்டம்மா வேலையை அப்படியே போட்டுட்டு வந்து தரையில உக்காந்துட்டாங்க.

"நான்தான் ஏறினேன்"னாங்க.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலையில அவர் மெஷின் முன்னாடி நின்னு அழுதாராம். "முப்பது வருஷத்துல அவர் அழுது நான் பாத்ததில்ல சிஸ்டர். இருங்க, இன்னிக்கு ஒரு நாள் நான் ஏறுறேன்னேன். பச்சை எரிஞ்சுது. அவர் முகம் எப்படி ஆச்சு தெரியுமா? டீ கேட்டார். பழைய பாட்டு ஒண்ணு முணுமுணுத்தார். அந்த ஒரு நாள் அப்படியே தினமும் ஆயிடுச்சு." எடையும், விரல் கிளிப்பும் அவங்களோடது. உக்காந்தபடி செய்யலாம்னு பிரஷர் மட்டும் அவர் கையில. வீடியோவுக்குத் தலை வாரி, சட்டை மாத்தி, மூச்சு வாங்குறது தெரியாம இருக்கப் பேச்சைக் குறைக்கச் சொல்லிக் கொடுத்தாங்களாம். கேமரா கால் வரைக்கும் வராதே.

"நீங்க வருவீங்க, கண்டுபிடிச்சிடுவீங்கன்னு நினைச்சேன் சிஸ்டர். கண்டுபிடிச்சுத் திட்டினா நிறுத்திடலாம்னு நினைச்சேன். ஒரு நாள் கைகூடக் காட்டினேன்."

பெட்டியைக் கீழ வச்சுட்டு நானும் தரையில உக்காந்தேன்.

தம்பிக்காரருக்கு இது தெரியாது. ஒரே வளாகத்துல, அடுத்த வாசல்ல இருக்கார். தெரிஞ்சா "அண்ணனைக் கொன்னவ"ன்னு அந்தம்மாவை அங்க ஒரு நாள் இருக்க விடமாட்டார். பிள்ளையும் இல்ல, போக வேற இடமும் இல்ல. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவங்க கையைப் பிடிச்சுச் சத்தியம் பண்ணிட்டு வந்து, உங்ககிட்ட சொல்லிட்டேன். உங்க வேலை போகப் போகுதுங்கிறப்போ சொல்லாம இருக்க முடியல.

பட்டாசு


ஜூன் 5

ஏன் சொன்னாய்?

ஒரு வரி போதும். "மனைவி ஏறி நின்றார்." இதை எழுதிக் கொடுத்தால் குழு அன்றைக்கே கலைந்துவிடும். நான் திரும்ப என் நாற்காலியில் உட்காரலாம். உன் அண்ணன் எழுதச் சொல்கிறார். "பொய் சொன்னா தப்பு, உண்மையைச் சொல்றதுல என்ன தப்பு?" என்கிறார். கணக்கு வாத்தியார், அவருக்கு எல்லாம் ஒரே விடை.

உண்மையைச் சொல்லாவிட்டாலும் ஆபத்து இருக்கிறது, யோசித்தாயா? இந்த வீட்டில் நடந்தது இன்னும் எத்தனை வீட்டில் நடக்கிறதோ.

நேற்று மறுபடியும் அந்தப் படத்தைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு முன் கோடு மேலும் கீழும் ஆடுகிறது, நோயாளியின் கோடு ஆடுகிற மாதிரி. பிறகு வந்தது ஆடவே இல்லை. நீர் பிரிகிற மாத்திரையை இவ்வளவு சாப்பிடுகிற மனிதருக்கு எடை அப்படி நிற்காது. படித்தவள்தானே நான். இருபத்தெட்டு வருஷம் வார்டில் நின்றவள்தானே. அது வேறொருவருடைய கோடு என்று படத்திலேயே இருந்தது. அதைக் காட்டித்தான் கைதட்டல் வாங்கினேன்.

விசாரணை அடுத்த வாரம்.


ஜூன் 9

அண்ணி,

வேன் கிளம்பப் போகுது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார். நீங்க எதை எழுதிக் கொடுத்தாலும் நான் உங்களைக் கேக்க மாட்டேன். கோவத்துல சொல்லல. நிஜமாவே சொல்றேன்.

அந்தம்மா நேத்துலேருந்து கதவைத் திறக்கல.


ஜூன் 23

பட்டாசுக்கு,

முடிந்துவிட்டது.

பெரிய மேஜை, மூன்று பேர், ஒரு தட்டச்சுப் பெண். நான் சொன்னது இதுதான்: "படத்தில் இரண்டு மாதம் எடை ஆடவில்லை. ஆடாத எடையைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நல்ல செய்தி என்று நினைத்தேன். சந்தேகம் வந்திருந்தாலும் போய்ப் பார்க்க ஆள் இல்லை. யாரும் போக வேண்டாம் என்று எழுதியது நான்."

"அப்படியானால் அது யாருடைய எடை?" என்று கேட்டார் நடுவில் இருந்தவர்.

"தெரியாது" என்றேன்.

இத்தனை வருஷத்தில் ஒரு காகிதத்திலும் நான் பொய் எழுதியதில்லை. நோயாளி மாத்திரையைத் துப்பிவிட்டால்கூடத் துப்பினார் என்றுதான் எழுதுவேன். அந்தப் பெண் "தெரியாது" என்று தட்டினாள், டக்கென்று முடிந்துவிட்டது. சரி செய்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. நீயும் தீர்ப்புச் சொல்லாதே.

தலைமைப் பதவி போய்விட்டது. கண்காணிப்பு அறையில் சாதாரண நர்ஸாக இருக்கலாம் என்றார்கள், சரி என்றேன். அறையில் என்னிடம் வேலை கற்ற பெண்தான் இப்போது எனக்கு மேலே. பாவம், நாற்காலியில் உட்காரவே கூச்சப்படுகிறாள்.

ஒன்று மட்டும் கேட்டேன், கொடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நர்ஸ் நேரில் போக வேண்டும். எடை பார்க்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். உத்தரவு இந்த வேனிலேயே வருகிறது. கிளினிக்குக்கு இன்னொரு நர்ஸும் வருவார் என்கிறார்கள். வந்தால்தான் நிச்சயம்.

அண்ணி


ஜூன் 30

அண்ணிக்கு,

தீர்ப்பு சொல்லல.

ஞாயிறுகூட விடாம ஓடி இருபது வீடு முடிச்சாச்சு. அதுல நாலு வீட்டுல கணக்கு நோயாளியோடது இல்ல. ஒரு ரிட்டயர்டு தலைமை ஆசிரியர், விரல் குளிர்ந்து போனா சிவப்பு வருதுன்னு மருமக விரலைக் கடன் வாங்குறாராம். ஒரு பெரியம்மா மெஷினைச் சுவரோரம் போட்டு, ஒரு கையால ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஏறுறாங்க, பாதி எடை ஜன்னல்ல தொங்குது. யாரும் கெட்டவங்க இல்ல. எல்லாருக்கும் அந்தச் சிவப்பு மேலதான் பயம். கால் வீங்கியிருந்த அந்தப் பெரியம்மாவை உடனே அனுப்பினேன். இன்னிக்கு உங்க வார்டுல இருப்பாங்க. கையைக் கட்டாம பாத்துக்கச் சொல்லுங்க.

வெல்டர் வீட்டம்மா போன வாரம் கதவைத் திறந்தாங்க. விசாரணையில என்ன ஆச்சுன்னு சொன்னேன். உங்களைப் பத்தியும் சொன்னேன். "சிஸ்டர், நான் ஏறாம இருந்திருந்தா அவர் பிழைச்சிருப்பாரா?"ன்னு கேட்டாங்க.

இல்லன்னு சொல்ல வாயைத் திறந்தேன். பொய் வரல. ஆமான்னும் வரல. குக்கர் சத்தம் கேட்டுச்சு, அதைச் சாக்கா வச்சுக் கிளம்பிட்டேன். அடுத்த வாரம் ரெண்டு நாள் பயிற்சிக்கு நான் அங்க உங்க ஆஸ்பத்திரிக்கு வரணும். அதுக்குள்ள என்ன பதில் சொல்றதுன்னு எழுதுங்க. எனக்குத் தெரியல.

பட்டாசு


ஜூலை 14

பட்டாசுக்கு,

நீ பயிற்சிக்கு இங்கே வந்த செவ்வாய்க்கிழமை நான் அறையில் இல்லை என்று கோபித்துக்கொண்டாயாம். உன் அண்ணன் சொன்னார். நான் உன் ஊரில் இருந்தேன். நீ இல்லாத நாளாகப் பார்த்துத்தான் பஸ் ஏறினேன். நீ பக்கத்தில் இருந்தால் நான் தைரியசாலி மாதிரி நடிப்பேன்.

வெல்டர் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். யார் என்று சொன்னேன். வீட்டம்மா உள்ளே கூப்பிட்டார். வெல்டர் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தவிர்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். நீ சொல்லத் திணறியதைச் சொன்னேன். "நீங்க ஏறாம இருந்திருந்தா சிவப்பு எரிஞ்சிருக்கும். கூப்பிட்டிருப்போம். இந்தத் தடவை பிழைச்சிருக்கலாம். எத்தனை நாளைக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா நர்ஸ் வந்திருந்தா முதல் வாரத்திலேயே தெரிஞ்சிருக்கும். வரவிடாம பண்ணது நான். உங்க பங்கைவிட என் பங்கு பெரிசு" என்றேன். வழியெல்லாம் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வார்த்தைகள்.

அவர் அழுவார், அல்லது என்னைத் தேற்றுவார் என்று நினைத்திருக்கிறேன். இப்போது எழுதும்போது அது தெரிகிறது. தேற்றுவார் என்றுதான் போயிருக்கிறேன்.

அவர் தேற்றவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "நான் படிக்காதவ. பயந்து பொய் சொன்னேன். நீங்க அத்தனை பேரும் படிச்சவங்க. நீங்க எப்படிம்மா நம்பினீங்க?"

என்னிடம் பதில் இருக்கிறது என்று நினைத்துத் தேடினேன். முந்நூறு சிவப்பு, ஆறு பெண்கள், நிர்வாகம். எல்லாம் நிஜம்தான், ஒன்றையும் அந்த அறையில் சொல்ல முடியவில்லை. "எங்களுக்கு நம்பறது சுலபமா இருந்துச்சு" என்றேன் கடைசியில். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். திரும்ப வரவில்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன்.

எனக்காக இல்லை, அவருக்காக ஒன்று கேட்கிறேன். அவர் எழுந்து போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்திருந்தது, கோபம் மட்டும் இல்லை என்று தோன்றியது. முடிந்தால் பார்.

அண்ணி


ஜூலை 21

அண்ணிக்கு,

நீங்க எனக்குத் தெரியாம போனதுக்குத் திட்டலாம்னு இருந்தேன். விடுங்க.

புதன், வெள்ளி ரெண்டு நாளும் அவங்க வாசல்ல போய் நின்னேன். பெட்டியை எல்லாம் திருப்பி எடுத்தாச்சு, நோயாளிப் பட்டியல்லயும் அந்த வீடு இல்ல, எந்த உரிமையில தட்டுறதுன்னு தெரியல. தட்டினேன். திறக்கல.

இன்னிக்குக் காலையில கிளினிக் வரிசையில அவங்க நின்னாங்க. டோக்கன் பதினேழு. யார்கிட்டயும் பேசாம, முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டு. முன்னாடி கூப்பிடலாம்னு நினைச்சேன், வேண்டாம்னு விட்டுட்டேன். முறை வந்ததும் ஸ்டூல்ல உக்காந்து, என் முகத்தைப் பாக்காம கையை நீட்டினாங்க. பட்டையைச் சுத்தினேன். நூத்தி எண்பது. சந்தேகத்துல மறுபடியும் பாத்தேன், நூத்தி எழுபத்தெட்டு. தலை சுத்துதான்னு கேட்டேன். மூணு மாசமாச் சுத்துதாம். "அவரைக் கவனிக்கிறதுல தெரியல. அப்புறம் தெரிஞ்சு என்ன ஆகப் போகுதுன்னு விட்டுட்டேன்"னாங்க.

டாக்டர் மாத்திரை எழுதினார். தினமும் பிரஷர் பாக்கணும்னார். புது நர்ஸ் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேஜை மேல வச்சா. அந்தம்மா அதைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. நான் பெட்டியை எடுத்துத் திரும்ப உள்ள வச்சேன்.

"நாளைக்குக் காலையில ஏழரைக்கு நானே வர்றேன்"னேன்.

"ஏழு மணிக்கு வாங்க. ஏழரைக்குத் தண்ணி வரும்"னாங்க.

பட்டாசு